அப்பா தலையசைத்தார், மகன் வில்லைக் கீழே வைத்தான்

நீங்கள் கேட்டது இவ்வளவுதான்: "ஒடிஸியில் முதல் நான்கு காண்டமும் டெலிமக்கஸைச் சுற்றியே போகிறது. அப்பாவைத் தேடிப் போகிறான், அவர் கிடைக்கவில்லை. பிற்பாடு வில்லில் நாணேற்றப் போகிற நேரத்தில் அப்பாவே தடுத்துவிடுகிறார். அப்புறம் அவன் எப்போதுதான் பெரியவனாகிறான்?" இரண்டு மூன்று தடவை படித்த பிறகு, இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாகப் பட்டது. பேர்பெற்ற அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைக்குத் தனியாக ஒரு ஆளாக நிற்க இடம் உண்டா, இல்லை கடைசிவரை எடுபிடிதானா? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை: ஹோமரின் இலியட், ஒடிஸி என்ற இரண்டு கிரேக்கக் காவியங்களையும் மொழிபெயர்ப்பில் வைத்துக்கொண்டு கல்லூரியில் பல வருடம் பாடம் நடத்தியவன். கிரேக்கம் நடு வயதில் கற்றுக்கொண்டது, இன்றும் அகராதி இல்லாமல் ஒரு பக்கம் தாண்டாது. நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். மகன் டெலிமக்கஸ் பக்கம் நின்று பேசுவதால், டிராய்ப் போருக்குப் போய் இருபது வருடம் வீடு திரும்பாத அப்பா ஒடிசியஸை 'அவர்' என்றே எழுதுகிறேன்.

முதலில் வில். 21-ஆம் காண்டம். டெலிமக்கஸின் அம்மா பெனெலோப்பி, தன்னை மணக்க வந்து காத்திருப்பவர்களுக்குப் போட்டியை அறிவித்தாகிவிட்டது: கணவனின் வில்லில் நாணேற்றி, பன்னிரண்டு கோடரிகள் வழியே அம்பை விடுபவனை மணந்துகொள்வாள். கோடரிகளை நட்டு வைப்பது டெலிமக்கஸ். நீளமாக ஒரு பள்ளம் தோண்டி, நூல் பிடித்த மாதிரி வரிசையாக நிறுத்தி, சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்குகிறான். இதை இதற்கு முன் அவன் பார்த்ததே இல்லையே என்று கூடியிருந்தவர்கள் வியக்கிறார்கள். பிறகு வாசற்படியில் நின்று முதல் ஆளாக அவனே வில்லை எடுக்கிறான். மூன்று தடவை வளைக்கப் பார்க்கிறான், மூன்று தடவையும் தளர்ந்து விடுகிறான். நான்காம் தடவை நாணேற்றியே இருப்பான் என்று காவியம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் பிச்சைக்கார வேடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒடிசியஸ் வேண்டாம் என்று தலையசைக்கிறார். மூலத்தில் உள்ள வினைச்சொல்லுக்குத் தலையை மேல்நோக்கி அசைத்து மறுப்பது என்று பொருள். கிரேக்கர்கள் இன்றைக்கும் 'இல்லை' என்பதற்குத் தலையை அப்படித்தான் தூக்குவார்கள்.

தடுத்ததற்குக் கதையளவில் காரணம் தெளிவு, அதில் சந்தேகமே இல்லை. மகன் நாணேற்றிவிட்டால் போட்டி அங்கேயே முடிந்துவிடும், வில் ஒடிசியஸ் கைக்கு வராது, போட்ட திட்டம் பாழ். ஆனால் என்னை எப்போதும் நிறுத்துவது வேறொன்று. மூன்று தடவை முயன்றான், முடியவில்லை என்று காவியம் சொல்லியிருந்தாலே கதை நகர்ந்திருக்கும். நான்காம் தடவை முடிந்திருக்கும் என்பதைக் கவிஞர் மெனக்கெட்டுச் சேர்க்கிறார். இந்தக் கைக்கு அந்தப் பலம் உண்டு என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிட்டு, அந்தக் கையையே கீழே இறக்க வைக்கிறார். அது ஏன் என்பது புரிய வேண்டுமானால் பையன் எங்கே ஆரம்பித்தான் என்று பார்க்க வேண்டும்.

முதல் காண்டத்தில் அவன் சொந்த வீட்டுக் கூடத்தில், அம்மாவை மணக்க வந்து டேரா போட்டிருக்கும் மாப்பிள்ளைக் கூட்டத்தின் நடுவில், சும்மா உட்கார்ந்திருக்கிறான். அப்பா திடீரென்று வந்து இவர்களை எல்லாம் விரட்டினால் எப்படியிருக்கும் என்று மனசுக்குள் படம் ஓட்டிக்கொண்டிருக்கிறான். வயது இருபதை ஒட்டி. அப்பா டிராய்க்குப் போனபோது கைக்குழந்தை. மென்டெஸ் என்ற விருந்தாளியின் உருவில் வரும் அதீனா தேவி, "நீ ஒடிசியஸ் மகனா?" என்று கேட்கிறாள். அவன் பதில், "அப்படித்தான் அம்மா சொல்கிறாள், எனக்குத் தெரியாது. தன் பிறப்பைத் தானே அறிந்தவன் யார்?" என்கிற மாதிரி வருகிறது. இதை அவன் அம்மாவைச் சந்தேகிப்பதாகப் படிக்க வேண்டாம். அப்பா என்றால் அவனுக்கு ஒரு பெயர் மட்டும்தான், முகம் கிடையாது. அதீனாவும் அவனிடம் நேராகச் சொல்லிவிடுகிறாள்: சின்னப் பிள்ளைத்தனத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற வயது தாண்டிவிட்டது. கொலையுண்ட தகப்பன் அகமெம்னனுக்காகப் பழிவாங்கிய ஓரெஸ்டீஸை உதாரணமாகவும் காட்டுகிறாள்.

அடுத்த நாள் ஊர்ச்சபையைக் கூட்டுகிறான். ஒடிசியஸ் கப்பலேறிய பிறகு அவர்கள் ஊரான இதாக்காத் தீவில் சபை கூடுவது அதுவே முதல் தடவை. அப்பாவின் இருக்கையில் போய் உட்கார்கிறான், பெரியவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். நன்றாகத்தான் பேச ஆரம்பிக்கிறான். முடிக்கும்போது கையிலிருந்த செங்கோலைத் தரையில் வீசிவிட்டு அழுதுவிடுகிறான். சபையில் செங்கோலை வீசி எறியும் இன்னொருவன் இலியட் முதல் காண்டத்தில் வரும் கிரேக்க வீரன் அக்கிலீஸ். அவன் எறிந்தால் ஒரு படையே கதிகலங்குகிறது. இவன் எறிந்தால் ஊர் பரிதாபப்படுகிறது, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கண்ணீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அப்பா இல்லாத பிள்ளையின் கதி அந்த உலகத்தில் என்ன என்பதை இலியட் இன்னும் கடுமையாகச் சொல்கிறது. அதன் 22-ஆம் காண்டத்தில் டிராயின் வீரன் ஹெக்டர் இறந்ததும் அவன் மனைவி அண்ட்ரோமகி புலம்புகிறாள். மகன் இனி அப்பாவின் நண்பர்களிடம் போய் ஒருவர் மேலங்கியையும் இன்னொருவர் உடுப்பையும் பிடித்து இழுப்பான். இரக்கப்பட்டு யாராவது கிண்ணத்தை ஒரு கணம் நீட்டுவார், உதடு நனையும், அண்ணம் நனையாது. தாய் தகப்பன் இருவரும் உள்ள இன்னொரு பையன் அவனை விருந்திலிருந்து அடித்துத் துரத்துவான்: "போடா, உன் அப்பா எங்களோடு சாப்பிடவில்லை!" இத்தனைக்கும் அவன் அரச குடும்பத்துப் பேரன். இதே குழந்தைக்காக 6-ஆம் காண்டத்தில் ஹெக்டர் வேண்டிக்கொண்டிருந்தான். தலைக்கவசத்தின் குதிரைமுடிக் குஞ்சத்தைப் பார்த்துப் பிள்ளை பயந்து அழ, அம்மாவும் அப்பாவும் சிரித்துவிட, அவன் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குகிறான். "அப்பனைவிட இவன் எவ்வளவோ மேல் என்று ஊர் சொல்லட்டும்" என்பது வேண்டுதல். வீரகாவியத்தில் ஒரு தகப்பன் வாயில் வரக்கூடிய மிகப் பெரிய ஆசை இதுதான் என்பேன். அது பலிக்கப் போவதில்லை என்று கேட்பவர்களுக்குத் தெரியும்.

ஆக, டெலிமக்கஸ் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது கோழைத்தனத்தால் அல்ல. அப்பா வழியாகக் கிடைக்க வேண்டிய நண்பர் கூட்டம், பேச்சுப் பழக்கம், பெரியவர்களிடம் நடந்துகொள்ளும் முறை எதுவுமே அவனுக்குக் கிடைக்கவில்லை. அப்பாவைப் பற்றி விசாரிக்க முதிய அரசர் நெஸ்டரின் பைலோஸுக்குப் போய்க் கப்பலை விட்டு இறங்கியதும் அவன் கேட்பது இதைத்தான்: "நெஸ்டரிடம் எப்படிப் போய்ப் பேசுவது? எனக்குப் பேசிப் பழக்கமில்லை. சின்னவன் ஒரு பெரியவரைக் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கிறது." அதே இடத்தில் நெஸ்டரின் மகன் பெய்சிஸ்ட்ராட்டஸ் வந்தவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறான், வயதில் மூத்தவருக்கு முதலில் கிண்ணத்தைத் தருகிறான். ஏறக்குறைய ஒரே வயது. அவனுக்கு இதெல்லாம் தானாக வருகிறது, அப்பா வீட்டில் இருந்ததால்.

ஸ்பார்ட்டாவில் நடப்பது இன்னும் நுட்பம். அங்கே அரசன் மெனலாஸ் பேச்சுவாக்கில் ஒடிசியஸின் பெயரைச் சொன்னதும் டெலிமக்கஸ் ஊதா மேலங்கியை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டு அழுகிறான். 8-ஆம் காண்டத்தில், ஊர் திரும்பும் வழியில் அவரை வரவேற்ற ஃபீயேஷியர்களின் அரண்மனையில் பாடகன் டிராய்க் கதையைப் பாடும்போது ஒடிசியஸ் செய்வதும் இதேதான், ஊதா மேலங்கியைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுவார். இருவரும் இன்னும் சந்தித்துக்கொள்ளாத கட்டத்தில் கவிஞர் ஒரே சைகையை இருவருக்கும் கொடுத்திருக்கிறார். மெனலாஸின் மனைவி ஹெலன் பார்த்த மாத்திரத்தில் ஜாடையைக் கண்டுபிடிக்கிறாள். மெனலாஸ் அதையே பாகம் பாகமாகச் சொல்கிறான்: அதே கால், அதே கை, அதே பார்வை, அதே தலை, மேலே அதே முடி. தன் பிறப்பு தனக்குத் தெரியாது என்று சொன்ன பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பிறகு மெனலாஸ் மூன்று குதிரைகளும் ஒரு தேரும் பரிசாகத் தருகிறேன் என்றபோது, இதாக்காவில் ஓட்ட இடமில்லை, அது ஆடு மேய்கிற பூமி, ஆனாலும் எனக்கு அதுதான் பிடிக்கும் என்று நயமாக மறுக்கிறான். மெனலாஸ் சிரித்து, கையால் தடவிக்கொடுத்து, நல்ல ரத்தம், பேச்சிலேயே தெரிகிறது என்கிறான். பைலோஸில் வாய் திறக்கக் கூசியவன் இவன்.

தேடியும் அவர் கிடைக்கவில்லை என்றீர்கள், அப்படியானால் தேடல் வீண்தானே என்று தோன்றும். அதை ஒடிசியஸே கேட்கிறார். 13-ஆம் காண்டத்தில் அதீனாவிடம், எல்லாம் தெரிந்த நீ அவனிடம் உள்ளதைச் சொல்லியிருக்கலாமே, அவனும் ஏன் கடலில் கிடந்து அல்லாட வேண்டும் என்கிறார். நல்ல பெயர் எடுக்கட்டும் என்றுதான் நானே அனுப்பினேன் என்பது அவள் பதில். அப்பாவைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல, நாலு பேர் வீட்டில் ஒடிசியஸ் மகன் என்று போய் நிற்பதற்காக.

இங்கே கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். இந்த நான்கு காண்டங்களும் ஒரு காலத்தில் தனிக் கதையாக இருந்து பிறகு சேர்க்கப்பட்டவை என்று 19-ஆம் நூற்றாண்டில் பலர் வாதிட்டார்கள். இருக்கலாம். நான் மேலே காட்டியது போன்ற எதிரொலிகளைப் பார்த்தால் இன்றைய வடிவத்தில் அது ஒட்டுப்போட்ட துணியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். இன்னொரு கூட்டம் இதைப் பழைய பருவச் சடங்கின் நிழல் என்கிறது. ஏதென்ஸில் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடப் பயிற்சி இருந்தது உண்மை, ஆனால் அதற்கான தெளிவான சான்றுகள் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில்தான் கிடைக்கின்றன. ஹோமரின் காவியங்கள் அதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. அந்தச் சட்டையை இவனுக்குப் போட்டுப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. டெலிமக்கஸின் அடைமொழி 'பெப்னுமெனோஸ்', விவேகமுள்ளவன் என்று சொல்லலாம். அந்த அடைமொழி முதல் காண்டத்திலேயே, அவன் ஒன்றும் சாதிக்காதபோதே ஒட்டிக்கொண்டு வருகிறது. வாய்மொழிக் கவிதையில் ஆட்கள் மாறுவதில்லை, வளர்ச்சி என்பதெல்லாம் நாவல் படித்த நம் பழக்கம் என்பது அந்த வாதம். இதை முழுசாகத் தள்ள என்னால் முடியாது. ஆனாலும் அடைமொழி மாறவில்லை என்றால் செயலும் மாறவில்லை என்று ஆகிவிடாது.

செயல் மாறுவது 16-ஆம் காண்டத்திலிருந்து. பன்றி மேய்க்கும் யூமயஸின் குடிசை. உள்ளே கந்தல் உடையில் ஒடிசியஸ். வாசலில் டெலிமக்கஸைக் கண்டதும் மது கலந்துகொண்டிருந்த யூமயஸின் கையிலிருந்து பாத்திரம் நழுவுகிறது. ஓடிப்போய்த் தலையிலும் கண்களிலும் கைகளிலும் முத்தமிடுகிறான். பத்தாம் வருடம் தூரதேசத்திலிருந்து திரும்பிய ஒரே மகனை ஒரு தகப்பன் கட்டிக்கொள்வது போல என்கிறது உவமை. பெற்ற தகப்பன் மூன்றடி தள்ளி உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! டெலிமக்கஸ் யூமயஸை அழைக்கும் சொல் 'அத்தா'. கிரேக்கத்தில் வயதானவரை அப்பா முறை வைத்து வாஞ்சையாகக் கூப்பிடும் குழந்தைச் சொல் அது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் அப்பாவை அழைக்கும் சொல் ஞாபகம் வரும். ஒலி ஒற்றுமைதான், வேறு உறவு கொண்டாட வேண்டாம். அப்பா எழுந்து மகனுக்கு இடம் விடுகிறார். மகனோ, உட்காருங்கள் ஐயா, எனக்கு வேறு இடம் கிடைக்கும் என்கிறான். அறிமுகம் இல்லாத ஒரு பிச்சைக்காரரிடம் அவன் காட்டும் இந்த மரியாதையைத்தான் ஒடிசியஸ் தன் மகனிடம் முதன்முதலாகப் பார்க்கிறார்.

யூமயஸ் வெளியே போனதும் அதீனா உருவத்தை மாற்ற, பையன் கடவுள் என்று பயப்படுகிறான். நான் கடவுள் இல்லை, உன் அப்பா என்கிறார். நம்ப மாட்டேன் என்கிறான். இனி உனக்கு வேறொரு ஒடிசியஸ் வரப்போவதில்லை என்று அவர் சொல்கிற வரியில் கொஞ்சம் எரிச்சலும் இருப்பதாக எனக்குத் தோன்றும். இதுவரை அடக்கி வைத்திருந்த கண்ணீரை அவர் அந்த இடத்தில்தான் விடுகிறார். இருவரும் அழுவதற்கு வரும் உவமை விசித்திரமானது: சிறகு முளைக்கும் முன்பே குஞ்சுகளைக் குடியானவர்கள் எடுத்துப் போய்விட்ட பறவைகளைவிட உரக்க அழுதார்களாம். சேர்ந்த நேரத்தில் ஏன் பிரிவின் உவமை? மகன் கிடைத்துவிட்டான், ஆனால் அந்தக் குழந்தை கிடைக்கவில்லை, அது இனி கிடைக்காது. நான் அப்படித்தான் படிக்கிறேன், வேறு விதமாகவும் படிக்கலாம்.

அழுது முடித்ததும் கணக்கு ஆரம்பிக்கிறது. எதிராளிகள் எத்தனை பேர் என்று அப்பா கேட்கிறார். டூலிக்கியம் 52, சாமே 24, ஸகிந்தோஸ் 20, இதாக்கா 12. மொத்தம் 108 பேர், அது போக வேலையாட்கள். பண்ணை ஆட்கள் ஒவ்வொருவரையும் சோதித்துப் பார்ப்போம் என்கிறார் ஒடிசியஸ். அதற்கு நேரமாகும், அதற்குள் இவர்கள் நம் சொத்தைத் தின்று தீர்த்துவிடுவார்கள், அதைப் பிறகு பார்க்கலாம் என்கிறான் மகன். பார்த்து சில மணி நேரம்கூட ஆகாத அப்பாவுக்கு யோசனை! தகப்பன்சாமி என்று நாம் சொல்வோமே, அது.

17-ஆம் காண்டத்தில் அந்தக் கண்ணீர் திரும்ப வருகிறது, வராமல் போவதாக. கூட்டத்தில் மோசமானவனான அந்தினோஸ் ஒரு முக்காலியைத் தூக்கிப் பிச்சைக்காரர் மேல் எறிகிறான், தோளில் படுகிறது. டெலிமக்கஸுக்கு நெஞ்சு வெடிக்கிறது, ஆனால் இமையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, சும்மா தலையை ஆட்டிக்கொண்டான் என்கிறது காவியம். ஆண் அழக் கூடாது என்ற பாடம் அல்ல இது. ஹோமரில் எல்லா வீரர்களும் அழுகிறார்கள், அக்கிலீஸ் கடற்கரையில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டு அழுகிறான். எங்கே அழலாம், எங்கே கூடாது என்று தெரிவதுதான் விஷயம். சபையில் அது தெரியவில்லை, இப்போது தெரிகிறது.

இப்போது வில்லுக்குத் திரும்புவோம். தலையசைப்பைப் பார்த்ததும் டெலிமக்கஸ் வில்லை இறக்கிவிட்டுச் சத்தமாகச் சொல்கிறான்: "அடடா, நான் கடைசிவரை கையாலாகாதவன்தான் போல. இல்லை, இன்னும் சின்னப் பையன்." முடியும் என்று தெரிந்த ஒருவன், முடியாது என்று 108 பேர் முன்னால் நடிக்கிறான். ஒடிசியஸின் தொழிலே இதுதான், உள்ளதை மறைத்துக்கொண்டு, அவமானத்தைச் சகித்துக்கொண்டு, நேரம் பார்ப்பது. நாணேற்றியிருந்தால் அப்பா அளவு பலசாலி என்று காட்டியிருப்பான். ஏற்றாமல் விட்டதில் அப்பா மாதிரியே ஆகிவிடுகிறான். என் கணக்கில் அவன் பெரியவனாகும் இடங்களில் இது ஒன்று. ஆனால் கூடவே ஒரு விலையும் இருக்கிறது. அப்பா இல்லாதபோது அவன் வளர வேண்டியிருந்தது, அப்பா வந்ததும் ஓரடி குறுக வேண்டியிருக்கிறது. உங்கள் மனதில் உறுத்தியது இதுதான் என்றால், அந்த உறுத்தல் காவியத்திலேயே இருக்கிறது.

இன்னொரு இடத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கோ அது வில்லைவிடப் பெரிது. 22-ஆம் காண்டத்தில் சண்டை நடுவில் எதிராளிகளுக்குத் திடீரென்று பன்னிரண்டு கேடயம், பன்னிரண்டு ஈட்டி, பன்னிரண்டு தலைக்கவசம் வந்துவிடுகின்றன. ஒடிசியஸுக்கே முழங்கால் தளர்கிறது. யாரோ வேலைக்காரி செய்தது, இல்லை எதிராளிகளோடு சேர்ந்துகொண்ட ஆட்டிடையன் மெலாந்தியஸ் என்கிறார். டெலிமக்கஸ் சொல்கிறான்: "அப்பா, இது என் தப்பு. வேறு யார் மேலும் குற்றமில்லை. ஆயுத அறைக் கதவை நான்தான் திறந்து போட்டுவிட்டு வந்தேன்." குற்றவாளி என்பதற்கு இங்கே வரும் கிரேக்கச் சொல்லைக் கவனியுங்கள். முதல் காண்டத்தில் இதே வாய், பாடகர்கள் மேல் குற்றமில்லை, தெய்வங்களின் தலைவன் ஜீயஸ் மேல்தான் குற்றம் என்று அதே சொல்லை வைத்து அம்மாவிடம் பேசியது. அதற்குச் சற்று முன்புதான் ஜீயஸ், மனிதர்கள் எதற்கெடுத்தாலும் எங்கள் மேல் பழி போடுகிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறார். இடையில் இருபத்தொரு காண்டம். ஒடிசியஸ் திட்டவில்லை, நடக்க வேண்டியதைப் பார்க்கிறார். கவிஞர் இதைத் திட்டமிட்டு வைத்தாரா என்று நிரூபிக்க முடியாது, சொல் இரண்டு இடத்திலும் இருப்பது உறுதி.

ஆனால் அதே காண்டத்தின் முடிவில் இதே பையன் எதிராளிகளோடு சேர்ந்துகொண்ட பன்னிரண்டு பணிப்பெண்களைத் தூக்கிலிடுகிறான். வாளால் கொல்லச் சொன்னது அப்பா. இவர்களுக்குச் சுத்தமான சாவு கிடையாது என்று கப்பல் கயிற்றை எடுத்தது மகனின் சொந்த முடிவு. வலையில் சிக்கிய பறவைகள் மாதிரி கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன, அதிக நேரம் இல்லை என்று வரி முடிகிறது. வகுப்பில் இந்த இடத்தில் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். பெரியவனாவது என்றால் நல்லவனாவது என்று நாம் எடுத்துக்கொண்டால் ஹோமர் கை கொடுக்க மாட்டார்.

கடைசியாக ஒரு விஷயம். வீரர்களை இன்னார் மகன் என்று அழைப்பதுதான் இந்தக் காவியங்களின் வழக்கம், அக்கிலீஸ் பீலியஸின் மகன், ஒடிசியஸ் லயர்டீஸின் மகன். ஆனால் ஒடிசியஸ் மட்டும் இலியடில் இரண்டு இடத்தில் தன்னை டெலிமக்கஸின் அப்பா என்று சொல்லிக்கொள்கிறார். மகன் வீட்டில் அப்பா பெயரை வைத்துக்கொண்டு தவித்த அந்த வருடங்களில் அப்பா அங்கே மகன் பெயரைச் சொல்லி வாழ்ந்திருக்கிறார். அவரும் ஒரு மகன்தான் என்பது 24-ஆம் காண்டத்தில் வருகிறது. லயர்டீஸ் ஒட்டுப்போட்ட உடையும் ஆட்டுத்தோல் தொப்பியும் கையுறையுமாகத் தோட்டத்தில் கொத்திக்கொண்டிருக்கிறார். நான்தான் உங்கள் மகன் என்றால் அடையாளம் கேட்கிறார். ஒடிசியஸ் தொடைத் தழும்பைக் காட்டிவிட்டு, சின்ன வயதில் அப்பா பின்னாலேயே நடந்து கேட்டு வாங்கிய மரங்களை எண்ணிச் சொல்கிறார்: 13 பேரி, 10 ஆப்பிள், 40 அத்தி, 50 வரிசை திராட்சை. கிழவருக்குக் காலும் மனமும் தளர்ந்துவிடுகின்றன. பழைய அலெக்சாந்திரிய அறிஞர்கள் இருவர் ஒடிஸி 23-ஆம் காண்டத்தின் நடுவிலேயே முடிந்துவிடுகிறது என்று கருதியவர்கள், அவர்கள் கணக்கில் இந்தத் தோட்டம் பின்னால் வந்த சேர்க்கை. மொழி அடிப்படையில் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை.

இறந்தவர்களின் உறவினர்கள் பழிவாங்க வந்து நிற்கும்போது, நம் குலத்துக்கு அவமானம் தேடி வைக்காதே என்கிறார் ஒடிசியஸ். பார்க்கத்தான் போகிறீர்கள் அப்பா என்கிறான் டெலிமக்கஸ். மகனும் பேரனும் வீரத்தில் போட்டி போடுகிறார்களே, என்ன நாள் இது என்று பூரிக்கிறார் லயர்டீஸ். அப்புறம் முதல் ஈட்டியை எறிவது பேரனும் இல்லை, மகனும் இல்லை, அந்தக் கிழவர்தான். அது போய் விழுவது யூப்பெய்தஸ் மேல், மகன் அந்தினோஸை இழந்த தகப்பன் மேல்.